நான்காவது ஆள்

கண்ணு,

டி.பார்ம் முடித்துவிட்டாய், ஐந்நூறு மணி நேரப் பயிற்சியும் முடிந்தது, வருகிற திங்கட்கிழமையிலிருந்து நெய்வேலியில் மருந்துக் கடையில் நிற்கப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். அதே ஊரில், மந்தாரக்குப்பம் பக்கம், முப்பத்தேழு வருஷம் நின்றவள் உன் அத்தை. எந்த மாத்திரை எதற்கு என்று நீ என்னைவிட நன்றாகப் படித்திருப்பாய். அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. மாத்திரையை வாங்கிக்கொண்டு போகிற மனிதர்களைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அதிலும் கண் தெரியாதவர், காது கேளாதவர், எழுத்து அறியாதவர், சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்க நேரம் பிடிப்பவர், இவர்களைப் பற்றி. நான் செய்த தவறுகளில் பாதிக்கு மேல் இவர்களிடம் செய்தவை.

திருக்குறளில் மருந்து என்று ஓர் அதிகாரம் உண்டு. அதன் கடைசிக் குறளில் மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் சொல்லப்படுகின்றன: நோயாளி, மருத்துவர், மருந்து, நான்காவதாக அந்த மருந்தைப் பக்கத்தில் நின்று கொடுப்பவர். நாம் அந்த நான்காவது ஆள். நோயாளிக்கு மருந்தைப் பற்றி விளக்கிச் சொல்வது மருந்தாளுநரின் கடமை என்று நம் நாட்டில் விதிமுறை வந்தது 2015 இல்தான். ஆனால் வள்ளுவர் நமக்கு எப்போதோ இடம் போட்டு வைத்துவிட்டார்.

1. மருந்து சாப்பிடுகிறவரைப் பார்த்துப் பேசு.

சக்கர நாற்காலியில் ஒரு பையன் வருவான். பிறவியிலேயே மூளைவாதம். வாய் கோணிக்கொள்ளும், ஒரு வாக்கியம் முடிக்க ஒரு நிமிஷம் ஆகும். வலிப்புக்கு மாத்திரை. இரண்டு வருஷமாக அவன் அம்மாவிடம்தான் எல்லாம் சொன்னேன். "தம்பி நல்லா தூங்குறாரா? தம்பிக்கு வலிப்பு திரும்ப வந்துச்சா?" அவன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பான். ஒருநாள் கையை மேஜைமேல் வைத்துத் தட்டினான். "மாத்திரை… சாப்பிடறது… நான்." அன்றுதான் அவனைப் பார்த்துக் கேட்டேன். காலை மாத்திரை சாப்பிட்டால் வகுப்பில் தூங்கிவிடுகிறான் என்பதற்காக, அம்மாவுக்குத் தெரியாமல் அதைத் துப்பிக்கொண்டிருந்திருக்கிறான். வலிப்பு ஏன் கட்டுப்படவில்லை என்று மருத்துவர் அளவைக் கூட்டிக்கொண்டே போனதற்குக் காரணம் அதுதான். மருத்துவருக்கு எழுதி அனுப்பினோம். வேளை மாற்றிக் கொடுத்தார்.

அவன் பேசி முடிக்கும்வரை காத்திருக்கப் பழகு. அவன் வாக்கியத்தை நீ முடித்து வைக்காதே. பின்னால் வரிசை நின்றால் நிற்கட்டும்.

2. "சாப்பாடு" என்றால் என்ன என்று கேள்.

இது சின்ன விஷயமாகத் தோன்றும். நான் கற்றுக்கொள்ள ஐந்தாறு வருஷம் ஆனது. சர்க்கரை மாத்திரை வாங்கியவரிடம் "காலையில சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு" என்றேன். ஒரு மாதம் கழித்து வந்தார், சர்க்கரை இறங்கவே இல்லை. மாத்திரை அப்படியே மிச்சம். "காலையில நான் சாப்பாடு எங்கம்மா சாப்பிடறேன்? நாலு இட்லிதான்." அவருக்குச் சாப்பாடு என்றால் சோறு. அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நம் ஊரில் இட்லி பலகாரம்தானே.

அதோடு நெய்வேலி மூன்று ஷிப்டுகளில் வாழும் ஊர். சுரங்கத்தில் சக்கரம் நிற்காது, அனல்மின் நிலையத்தில் கொதிகலன் அணையாது. "ராத்திரி ஒண்ணு" என்று எழுதிக் கொடுத்தால், நைட் ஷிப்ட் போகிறவருக்கு அது வேலைக்குக் கிளம்பும் நேரம். அரிப்புக்குக் கொடுத்த அவில் மாத்திரையை நான் சொன்னபடியே இரவு போட்டுக்கொண்டு போன ஒருவருக்கு, பெல்ட் ஓடுகிற இடத்தில் கண் சொக்கியிருக்கிறது. கூட இருந்தவர் தோளைப் பிடித்து இழுத்தார். மறுநாள் அவர் என் கடைக்கு வந்து கோபப்படவில்லை, சொல்லிவிட்டுப் போனார், அவ்வளவுதான். எனக்குத்தான் பல நாள் தூக்கம் இல்லை. சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரையைக் காலையில் போட்டுக்கொண்டு, ஷிப்ட் முடிந்த அலுப்பில் சாப்பிடாமலே படுத்துவிடுகிறவர்களும் உண்டு. வியர்த்து, கை நடுங்கி எழுவார்கள். எழுந்தால் அது அதிர்ஷ்டம்.

ஆகவே மணியைக் கேட்காதே, வாழ்க்கையைக் கேள். எப்போது எழுகிறீர்கள், எழுந்ததும் வாயில் முதலில் போவது என்ன, இந்த வாரம் எந்த ஷிப்ட், அடுத்த வாரம் எது. தைப்பூசத்துக்கு விரதம் இருந்து வடலூருக்கு நடந்து போகிறவர்களிடம் ஒரு வாரம் முன்னாலேயே கேள். ரம்ஜான் நோன்பு இருப்பவர்களிடமும் அப்படித்தான். விரதத்தைத் தடுக்க நீ யார்? ஆனால் மாத்திரையின் வேளையை மருத்துவரிடம் கேட்டு மாற்றித் தரலாம். பசித்தவருக்காக வள்ளலார் 1867 இல் மூட்டிய அடுப்பு எரிகிற வடலூருக்கு, பசியோடு மயங்கி விழப்போகிற மாதிரி ஒருவரை அனுப்பலாமா?

3. காது கேளாதவரிடம் கத்தாதே. முகத்தைக் காட்டு.

இதை எழுதத்தான் இந்தக் கடிதத்தையே தொடங்கினேன் என்று நினைக்கிறேன்.

இங்கே ஓய்வுபெற்றவர்களில் காது மந்தமானவர் நிறையப் பேர். 1962 இல் ஓடத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையத்தின் டர்பைன் பக்கத்திலும், மண்ணை வெட்டித் தள்ளும் ராட்சச எந்திரங்களின் பக்கத்திலும் வாலிபத்தைக் கழித்தவர்கள். இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மையைத் தொழிற்சாலைச் சட்டமே தொழில் நோய்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆனால் இவர்கள் காது கேட்கவில்லை என்று சொல்ல மாட்டார்கள். கௌரவம். உன் உதட்டைப் பார்த்துப் பாதியைப் பிடிப்பார்கள், மீதியை ஊகிப்பார்கள், எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள்.

அப்படி ஒரு பெரியவர். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எழுதியிருந்தது. இது ஏதாவது ஒரே ஒரு கிழமையில், வாரத்துக்கு ஒரு தடவை சாப்பிடும் மருந்து. நாள்தோறும் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜையைச் சுட்டுவிடும், உயிரே போகும். எனக்கு நன்றாகத் தெரியும். நான் சொல்லவும் சொன்னேன்: "வாரத்துக்கு ஒரு நாள், மூணு மாத்திரை." சொல்லும்போது பில் புத்தகத்தை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினேன். அவர் பார்த்துக்கொண்டிருந்த என் வாய் பாதியில் மறைந்தது. அவருக்குக் கிடைத்தது "ஒரு நாள், மூணு". அதை "ஒரு நாளைக்கு மூணு" என்று எடுத்துக்கொண்டார். தலையாட்டினார்.

எட்டாம் நாள் வந்தார். வாயெல்லாம் புண், புண்ணுக்கு ஏதாவது மருந்து கொடு என்றார். மாத்திரை அட்டையைப் பையிலிருந்து எடுத்துக் காட்டி, இதுவும் தீர்ந்துவிட்டது என்றார். அந்தக் காலி அட்டையைப் பார்த்த நொடியை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். கடையைப் பையனிடம் விட்டுவிட்டு ஆட்டோவில் அவரை நானே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். மூன்று வாரம் படுக்கையில் இருந்தார். பிழைத்தார். அவர் மனைவியிடம், "தப்பு என்னுது, நான் முகத்தைத் திருப்பிக்கிட்டுச் சொன்னேன்" என்று சொன்னேன். அந்த அம்மாள் ஒன்றும் பேசவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்தவற்றை எழுதுகிறேன், நீ தவறிழைக்காமலே எடுத்துக்கொள். வெளிச்சம் உன் முகத்தில் விழும்படி நில். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் உன் முகம் அவருக்கு இருட்டு. பேசத் தொடங்குமுன் அவர் உன்னைப் பார்க்கிறாரா என்று பார். கத்தினால் உதடு கோணும், புரியாது, நிதானமாகப் பேசு. எண்களையும் கிழமைகளையும் எப்போதும் எழுதிக் காட்டு. வார மருந்து என்றால் உறையின் மேல் "செவ்வாய் மட்டும்" என்று பெரிய எழுத்தில் எழுது. கொரோனா வந்து எல்லாரும் முகக்கவசம் போட்ட 2020 இல், உதட்டைப் படித்து வாழ்ந்தவர்களுக்கு ஊரே ஊமையாகிவிட்டது. ஒரு சிலேட்டும் சாக்பீஸும் வாங்கி மேஜைமேல் வைத்தேன். இப்போதும் அது அங்கே இருக்கலாம். இருந்தால் எடுத்துக்கொள்.

4. கண் தெரியாதவரிடம் ஒரு முறை இருக்கும். அதைக் கலைக்காதே.

ஐரோப்பாவில் மருந்துப் பெட்டியின் மேல் மருந்தின் பெயர் பிரெயில் புள்ளிகளில் இருக்க வேண்டும் என்று 2004 இலேயே சட்டம் வைத்துவிட்டார்கள். நம் கடைகளில் எடுத்துக் கொடுக்கும் அட்டைகளைத் தடவிப் பார், வழவழவென்றுதான் இருக்கும். ஆனாலும் கண் தெரியாதவர்கள் மருந்து சாப்பிட்டுக்கொண்டுதானே இருக்கிறார்கள்? எப்படி என்று கேள். நான் பல வருஷம் கேட்கவில்லை.

இந்திரா நகரிலிருந்து ஓர் அம்மாள் தனியாகக் கோல் தட்டிக்கொண்டு வருவார். ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று. ஒரு மாதம் சர்க்கரை மாத்திரை வேறு கம்பெனியில் மலிவாக வந்தது. அவருக்கு நாற்பது ரூபாய் மிச்சமாகட்டுமே என்று மாற்றிக் கொடுத்தேன், சொல்லவில்லை. நல்லது செய்த திருப்தி எனக்கு. மூன்றாம் நாள் வந்து இரண்டு அட்டைகளையும் மேஜையில் வைத்தார். "எது எதுன்னு தெரியலை. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. மூணு நாளா ரெண்டையும் சாப்பிடலை." பழைய அட்டையில் மாத்திரை நீளம், புதியதில் உருண்டை, ரத்த அழுத்த மாத்திரையும் உருண்டை. அவர் விரலால் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை நான் கிழித்துவிட்டேன்.

கம்பெனி மாறினால் வாய்விட்டுச் சொல், கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல். காலாவதித் தேதியைப் படித்துச் சொல். இரண்டு சொட்டு மருந்துப் புட்டிகள் ஒரே அளவில் இருந்தால் ஒன்றில் ரப்பர் வளையம் போடு. எதில் போடுவது என்று அவரையே கேள். இரண்டும் ஒன்றுபோல் இருக்கும்போதுதான் காதுக்குரிய சொட்டு மருந்து கண்ணில் விழுகிறது.

பார்வை மங்கிவரும் சர்க்கரைக்காரர்கள் தனி. இன்சுலின் குப்பியில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் என்றால் சிவப்பு மூடி போட்ட 40 ஊசிக்குழல்தான் வேண்டும். ஆரஞ்சு மூடி 100க்கு உரியது. குப்பி 100 ஆக இருந்து ஊசிக்குழல் 40 ஆக இருந்தால், அவர் பார்க்கும் கோடு சரியாக இருந்தும் உடம்பில் இரண்டரை மடங்கு ஏறிவிடும். மங்கிய கண்ணுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்றுதான். நீ பார்த்துக் கொடு.

5. "புரிஞ்சுதா?" என்று ஒருபோதும் கேட்காதே.

நம் மக்கள் மரியாதைக்காரர்கள், "புரிஞ்சுது" என்றுதான் சொல்வார்கள். "வீட்டுக்குப் போய் உங்க வீட்டுக்காரம்மாகிட்ட எப்படிச் சொல்வீங்க, எனக்கு ஒரு தடவை சொல்லுங்க" என்று கேள். மூச்சிரைப்புக்கு உறிஞ்ச வேண்டிய கேப்சூலைத் தண்ணீரில் விழுங்கிக்கொண்டிருந்த எத்தனை பேரை இந்த ஒரு கேள்வி காட்டிக்கொடுத்திருக்கிறது தெரியுமா?

6. எழுத்துத் தெரியாதவரிடம் பாடம் கேள்.

சுரங்கத்துக்கு நிலம் கொடுத்து வேறிடம் பெயர்ந்த ஊர்களிலிருந்து கிழவிகள் வருவார்கள். நான் உறையின்மேல் காலைக்குச் சூரியன், இரவுக்கு நிலா வரைந்து கொடுப்பேன், பெருமையாக இருக்கும். ஒரு பாட்டி அதை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பொழுது எப்ப சாயுதுன்னு எனக்குத் தெரியாதா? எத்தனைன்னுதான் மறக்குது. புள்ளி வை" என்றார். கோலப் புள்ளி. ஒரு வரிசை காலைக்கு, அடுத்த வரிசை மத்தியானத்துக்கு, அதற்கடுத்தது ராத்திரிக்கு. ஒன்றானால் ஒரு புள்ளி, இரண்டானால் இரண்டு. ஆயுள் முழுக்க வாசலில் புள்ளி வைத்தவர். ஒரு தடவைகூட அவருக்குப் பிசகவில்லை. அந்த முறையை மற்றவர்களுக்கும் வைத்தேன்.

7. விழுங்க முடியாதவருக்கு எதையும் இடித்துக் கொடுக்கச் சொல்லிவிடாதே.

பக்கவாதம் வந்தவர், மூக்கில் குழாய் போட்டவர், மாத்திரையைக் கண்டாலே வாயை இறுக்கும் குழந்தை, இவர்களின் வீட்டார் முதலில் தேடுவது அம்மிக்கல்லை. பெயரின் பின்னால் எஸ்.ஆர்., இ.ஆர். என்று இருக்கும் மாத்திரைகள் மெல்லமெல்லக் கரையும்படி செய்யப்பட்டவை. இடித்தால் நாள் முழுவதற்குமான மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். நீயாக முடிவு செய்யாமல் மருத்துவரைக் கேள். பல மருந்துகளுக்குச் சிரப் உண்டு.

குழந்தைக்கு மருந்தை ஒளித்துவைத்துக் கொடுக்கச் சொல்லாதே. ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளைக்குத் தயிர்சோற்றில் கலந்து கொடுங்கள் என்று நான் யோசனை சொன்னேன். அந்தப் பிள்ளை விரும்பிச் சாப்பிட்டது உலகத்தில் தயிர்சோறு ஒன்றுதான். கசப்பு தெரிந்ததும் அதையும் விட்டுவிட்டது. அந்தத் தாயின் முகம் எனக்கு இன்றும் தெரிகிறது. பிறகு அவளே கண்டுபிடித்தாள்: பொம்மைக்கு ஒரு மூடி, பிள்ளைக்கு ஒரு மூடி, முன்கூட்டியே காட்டி, தினமும் அதே நேரம், அதே மூடி. மருந்து மருந்தாகவே போனது.

8. மெதுவாகப் பேச வேண்டிய மருந்துகள் உண்டு.

நகரியத்தில் எந்த வட்டத்தில் யார் வீடு என்று எல்லாருக்கும் தெரியும். மனநோய்க்கான மாத்திரையின் பெயரை உரக்கச் சொன்னால், அந்த வீட்டுப் பெண்ணின் கல்யாணம் நிற்கும். பிறகு அவர்கள் கடைக்கே வர மாட்டார்கள், மருந்தும் நிற்கும். சீட்டை வாங்கிக்கொள், பெயரைச் சொல்லாதே, ஓரமாகக் கூப்பிட்டுப் பேசு.

மருந்து நின்றுபோக ஒரு பழமொழியும் காரணம். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். காய்ச்சலுக்குச் சொன்ன பழமொழி, வலிப்புக்கும் காசநோய்க்கும் மனநோய்க்கும் அதை நம்பினால் ஆள் போய்விடுவார். காசநோய்க்கு மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும் என்று முதல் நாளே சொல். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், அது மருந்தின் நிறம், பயப்படாதீர்கள் என்பதையும் சொல். சொல்லாமல் விட்டால் ரத்தம் போகிறது என்று நினைத்து நான்காம் நாளே நிறுத்திவிடுவார்கள்.

இப்போது சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் வீடு தேடியே மாத்திரை வருகிறது; 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால் வீட்டுக்கு வந்த மாத்திரையும் கடையில் வாங்கிய மாத்திரையும் ஒன்றே என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துப் போடுகிறவர்கள் உன்னிடம் வருவார்கள். வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொல்.

9. உன் கண்ணை மட்டும் நம்பாதே.

2011 டிசம்பர் 30, தானே புயல். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன, உன் தாத்தாவின் தோப்பும் அதில் போனது. கரண்ட் இல்லை. மறுநாள் சாயங்காலம் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கடையைத் திறந்து வைத்திருந்தேன், இன்சுலினைப் பானைத் தண்ணீரில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டு. இந்திரா நகர் அம்மாள் வந்தார், நான் சொன்னேனே, அவர்தான். கூரை பிய்ந்து வீட்டில் தண்ணீர். அவருடைய மாத்திரையும் மாமியாருடைய மாத்திரையும் நனைந்து ஒரே பையில் கலந்து கிடந்தன. மெழுகுவர்த்தியைக் கிட்டக் கொண்டுபோய் எழுத்தைப் பார்த்தேன். ஈரத்தில் மசி கரைந்து, பாதி தெரியவில்லை. "கொடுங்க" என்று பையை வாங்கி மேஜையில் கொட்டினார். ஒவ்வோர் அட்டையாக விரலால் தடவி, ஓரத்தை நெருடி, இந்தப் பக்கம் தன்னுடையது, அந்தப் பக்கம் மாமியாருடையது என்று இரண்டாகப் பிரித்துவைத்தார். நான் அலமாரியிலிருந்து புது அட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றுகூட மாறவில்லை. நனைந்தவற்றை எடுத்துவைத்துக்கொண்டு புதியவை கொடுத்தேன். பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கோலை எடுத்தவர், படியிறங்குமுன் திரும்பி, "கடையைச் சாத்திட்டுப் போறப்ப பாத்துப் போங்கம்மா. வலது கைப்பக்கம் மரம் விழுந்து கெடக்கு" என்றார்.